மேசையில் ஒருவர் மனிதரில்லை

1979இல் வெளிவந்த ‘ஏலியன்’ படத்தில் நாஸ்ட்ரோமோ என்ற சரக்கு விண்கலத்தில் ஏழு பேர் இருக்கிறார்கள். முகத்தில் வேற்றுயிர் ஒன்று கவ்விக்கொண்ட சக ஊழியரை இருவர் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறார்கள். உள்ளே இருக்கும் ரிப்ளி, தனிமைப்படுத்தல் விதியைச் சொல்லிக் கதவைத் திறக்க மறுக்கிறாள். அறிவியல் அதிகாரி ஆஷ் சத்தமில்லாமல் திறந்துவிடுகிறான். பார்ப்பவர்கள் அதை இரக்கம் என்றுதான் நினைப்பார்கள். ஆஷ் மனிதனே இல்லை, அந்த உயிரை எப்பாடுபட்டாவது கொண்டுவரும்படி கம்பெனி ஏவிய இயந்திரம் என்பது வெகுநேரம் கழித்துத்தான் தெரிகிறது. அப்போது அவன் உடம்பிலிருந்து வழிவது பால் போன்ற வெள்ளைத் திரவம்.

அந்த ஆஷ் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்வோம். எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கு அது தெரியாது. இப்படியும் ஒரு விளையாட்டு இருக்கிறது.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்று சொல்லப்படும் இந்த ஆட்டவகையில் நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்கிறார்கள். ஒருவர் மட்டும் கதைசொல்லியாகவும் நடுவராகவும் இருப்பார். ‘கதவை உடைக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 1974இல் அமெரிக்காவில் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதன் மூத்த பிள்ளை. அதில் வாளும் மந்திரமும்தான் பிரதானம். 1981இல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய ‘கால் ஆஃப் கதூலு’ மனநிலைக்கும் ஓர் எண் கொடுத்தது. காணக்கூடாததைக் காணக்காண அந்த எண் குறையும். திகில் ஆட்டங்கள் பலவும் அந்த வழியில் வந்தவைதான்.

‘ஏலியன்’ படத்தை வைத்து ஸ்வீடனின் ஃப்ரீ லீக் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆட்டம் இவற்றில் கெட்டிக்காரத்தனமானது. நடுவருக்கு அதில் கேம் மதர் என்று பெயர். படத்தில் கப்பலின் கணினியை மதர் என்று கூப்பிடுவார்களே, அதன் நினைவாக. ஆறுமுகப் பகடைகளை உருட்டுகிறீர்கள், ஒன்றிலாவது 6 விழுந்தால் காரியம் ஜெயம். கையில் நான்கு பகடை இருந்தால் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். தோற்றால் இன்னொரு முறை உருட்டலாம், ஆனால் பதற்றம் ஒரு புள்ளி ஏறும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மஞ்சள் பகடை சேர்ந்துகொண்டே போகும். மஞ்சளில் விழும் 6-உம் வெற்றிதான் என்பதால் பதற்றம் முதலில் உதவுகிறது. மூன்று மஞ்சள் சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு 72 சதவீதத்தைத் தொடும். ஆனால் மஞ்சளில் 1 விழுந்தால் பீதி. மூன்றில் ஒன்றிலாவது 1 விழும் வாய்ப்பு 42 சதவீதம். பிறகு பீதி அட்டவணைதான் உங்களை ஆட்டிவைக்கும். கை நடுங்கலாம், பிடித்திருப்பது நழுவலாம், உறைந்து நிற்கலாம், அலறலாம், ஓடலாம்.

பயந்தவனுக்குக் கை கால் வேகமாக ஓடும், எல்லை தாண்டினால் எதுவுமே ஓடாது. இதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன விதி வேறொன்றை நான் பார்த்ததில்லை.

மனித உருவில் இருக்கும் ஆண்ட்ராய்டு மாட்டிக்கொள்வது இங்கேதான். விதிப்படி அதற்குப் பதற்றம் ஏறாது, பீதியும் கிடையாது. பதிலுக்கு, தோற்ற பகடையை அது மறுபடி உருட்டவும் முடியாது. கேட்கும்போது வரமாகத் தோன்றும். ஆனால் மற்ற நால்வர் முன்னாலும் மஞ்சள் பகடைகள் குவிந்திருக்க, ஒருவர் முன்னால் மட்டும் ஒன்றுகூட இல்லையென்றால் இரண்டாம் மணி நேரத்திலேயே குட்டு உடைந்துவிடும். எனவே கேம் மதரோடு முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, மனிதரைப் போலவே மஞ்சளை உருட்டுவதுதான் சுலபமான வழி. அட்டவணை நடுங்கச் சொன்னால் நடுங்குவதாக நடிக்க வேண்டும். எப்போது நடுங்காமல் நிற்பது என்பது மட்டும் ஆண்ட்ராய்டை ஆடுபவர் கையில்.

உடம்பையும் மறைத்தாக வேண்டும். 1986இல் வந்த இரண்டாம் ‘ஏலியன்’ படத்தில் பிஷப் என்பவன் விரல்களுக்கு நடுவே கத்தியை விளையாட்டாகக் குத்திக் காட்டுவான். விரலில் பட்ட சின்னக் கீறலில் கசியும் வெள்ளை, அவன் யாரென்று சொல்லிவிடும். மேசையிலும் அப்படித்தான். மருத்துவர் பாத்திரத்தை ஏற்றவர் சாதாரணமாகக் கேட்பார்: “சட்டையைக் கழற்று, காயத்தைப் பார்க்கிறேன்.”

“கீறல்தான். முதல்ல அவனைப் பாருங்க.”

நல்ல பதில். தியாகம் போலவே இருக்கிறது. மறுபடியும் அடிபட்டு மறுபடியும் அதே பதில் வந்தால், மருத்துவர் ஒரு கணம் யோசிப்பார். ரகசியக்காரர் விரும்ப வேண்டியது அந்த யோசனையைத்தான்.

புதிதாக ஆடுபவர்கள் பலர் இதைப் புரிந்துகொள்வதில்லை. கடைசிவரை மாட்டாமல் இருப்பதே கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறார்கள். ஆட்டம் முடிந்து காபி குடிக்கும்போது, “நான் மனுஷனே இல்லை, தெரியுமா?” என்கிறார்கள். யாருக்கு என்ன சுவாரசியம்? ஆஷ் கதவைத் திறந்ததன் அர்த்தம் படத்தை இரண்டாம் முறை பார்க்கும்போது பளிச்சென்று தெரியும். மேசை ஆட்டத்துக்கு இரண்டாம் காட்சி கிடையாது. ஆகவே தடயங்களை ஆட்டத்தின் நடுவிலேயே உதிர்த்துக்கொண்டு போக வேண்டும், பொய்யான தடயங்களையும் சேர்த்து. ஒரே அமர்வில் முடியும் ‘சினிமாட்டிக்’ கதைகளை மூன்று அங்கமாகப் பிரித்து, ஒவ்வொரு அங்கத்திலும் எல்லோருக்கும் ஒரு ரகசிய நோக்கத்தைச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு இதற்குத் தோதானது. எல்லோரும் எதையோ மறைப்பதால் ஆண்ட்ராய்டின் திருட்டு முழி தனித்துத் தெரியாது.

2018இல் வந்த ‘மதர்ஷிப்’ ஆட்டம் எதிர்த்திசையில் போகிறது. அதில் ஆண்ட்ராய்டு யாரென்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அது பக்கத்தில் இருந்தால் மற்றவர்கள் பயத்தைச் சமாளிப்பது இன்னும் கடினமாகிவிடும். அழகான யோசனை, ஆனால் வேஷம் கட்டும் சுகம் அதில் இல்லை.

தான் மனிதரில்லை என்பது பாத்திரத்துக்கே தெரியாத வகை ஒன்றும் உண்டு. திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் 1936ஆம் ஆண்டு இன்ஸ்மவுத் கதையில், கதைசொல்லி தன் ரத்தத்தில் கடல்வாழ் இனத்தின் கலப்பு இருப்பதைக் கடைசியில்தான் கண்டுகொள்கிறான். கதையில் படிக்க உடம்பு சிலிர்க்கும். மேசையில் அதைச் செய்ய எனக்குத் துணிவு வராது. மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்த பாத்திரத்தை நடுவர் ஒரே வாக்கியத்தில் பிடுங்கிக்கொண்டால், ஆடியவருக்குத் திகில் வராது, கோபம்தான் வரும். குறைந்தபட்சம், “உன் பாத்திரத்தைப் பற்றி உனக்கே தெரியாத ஒன்று இருந்தால் பரவாயில்லையா?” என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

அம்பலமான பிறகு என்ன செய்வது என்பதையும் அதே நாளில் பேசிவிடலாம். மனிதர்களும் இயந்திரமும் நேருக்கு நேர் மோத ஆரம்பித்ததும், இயந்திரத்தை நடுவர் எடுத்துக்கொண்டு, அதை ஆடியவருக்குக் கப்பலில் உயிரோடு இருக்கும் வேறொரு பாத்திரத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. நண்பர்கள் நால்வர் ஒருவரை அரை மணி நேரம் அடித்துக்கொண்டிருப்பது கதைக்கும் ஆகாது, நட்புக்கும் ஆகாது. அதனால் அந்த மோதலைக் கடைசி அங்கத்துக்குத் தள்ளிவைத்து ஆடுங்கள். பகடையில் முதல் மஞ்சள் சேர்வதற்கு முன்பே ஒருவர் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால், அவரை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.