கம்ப்யூட்டருக்குள் கிடக்கும் கல்லாச் சாவி

நம் உறுப்பினர்கள் பலருடைய கடைகளில், இரவு கடை அடைத்த பிறகு கம்ப்யூட்டர் தானாகவே அன்றைய கணக்கை நகல் எடுத்து வெளியிடத்துச் சேமிப்புக்கு அனுப்பிவிடுகிறது. அதற்காக எழுதி வைத்த கட்டளைக் கோப்புக்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். சேமிப்பைத் திறக்கப் பாஸ்வேர்டு வேண்டும். நடு இரவில் அதைத் தட்டிக் கொடுக்க ஆள் கிடையாது. ஆகவே எழுதித் தருபவர்கள் அதை ஸ்கிரிப்டுக்குள்ளேயே போட்டுவிடுகிறார்கள். வில்லங்கம் அங்கேதான்.

அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து எவரும் படிக்கலாம். என் மண்டியில் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது. பில் போட்ட பையன் வேலையை விட்டபோது, அந்த ஃபோல்டரையே பென் டிரைவில் எடுத்துப் போயிருக்கிறான். எந்தக் கடைக்கு என்ன விலை, யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் கடைத்தெருவில் பேச்சான பிறகே எனக்கு உறைத்தது. பழைய வாடிக்கைக்காரர் இருவர் முன் தலைகுனிய வேண்டியதாயிற்று.

பாஸ்வேர்டைப் புரியாத எழுத்தாக மாற்றிவிட்டோம் என்று சிலர் சொல்வார்கள். பேஸ்64 என்ற அம்முறை பூட்டே அல்ல. ஜவுளிக்கடை விலைச்சீட்டில் போடும் எழுத்துக்குறி மாதிரிதான். முறை தெரிந்தவன் நொடியில் படித்துவிடுவான்.

விண்டோஸிலேயே உண்மையான பூட்டு இருக்கிறது. பவர்ஷெல் ஸ்கிரிப்டானால், கெட்-கிரெடென்ஷியல் கட்டளையில் ஒருமுறை பாஸ்வேர்டைக் கொடுத்து, எக்ஸ்போர்ட்-கிளிஎக்ஸ்எம்எல் கட்டளையால் தனிக் கோப்பில் சேமிக்கலாம். அதே கம்ப்யூட்டரில், சேமித்த அதே பயனர் பெயரில்தான் அது திறக்கும். பென் டிரைவில் கொண்டுபோனால் பயன்படாது. லினக்ஸ் கம்ப்யூட்டரில் இந்தக் கட்டளை பூட்டுவதில்லை, கவனிக்கவும்.

ஆனால் பில் போடுபவரும் அதே பயனர் பெயரில் உட்கார்ந்தால் பூட்டு வீண். இரவு வேலைக்கென்று தனிப் பயனர் வைத்து, அந்தப் பெயரில் நுழைந்தே பாஸ்வேர்டைச் சேமிக்க வேண்டும். நான் முதலில் என் பெயரில் சேமித்துவிட்டேன். அன்றிரவு நகல் போகவேயில்லை!

பழைய ஸ்கிரிப்டில் இருந்த பாஸ்வேர்டை மறுபடி உபயோகிக்காதீர்கள், அதன் நகல்கள் எங்கே கிடக்கின்றனவோ. புதியதை நகல் போடும் உரிமை மட்டும் உள்ளதாக, அழிக்கும் உரிமை இல்லாததாக வாங்குங்கள். கம்ப்யூட்டர் பழுதானால் பூட்டிய கோப்பும் போய்விடும். ஆகையால் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, உறையில் ஒட்டி, இரும்புப் பெட்டியில் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன்.