முழங்காலுக்கு ஒரு பரீட்சை!

குட்டீஸ்... கால்பந்து வீரர்களை, பெரிய கிளப்புகள் கோடிக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குவது உங்களுக்குத் தெரியும். ஆனால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அவர்களும் உங்களைப் போல ஒரு பரீட்சையில் பாசாக வேண்டும். அதுதான் மருத்துவப் பரிசோதனை!

வீரர் காயம்பட்டு ஆடாவிட்டாலும், கிளப் சம்பளம் தர வேண்டுமே... அதனால் தான் இந்த முன்னெச்சரிக்கை.

நெதர்லாந்தின் பி.எஸ்.வி., ஐந்தோவன் கிளப்பில் கோல் மழை பொழிந்தவர், ரூட் வான் நிஸ்டல்ராய். இவரை, 1 கோடியே 85 லட்சம் பவுண்டுக்கு வாங்க, 2000, ஏப்ரலில் பேசி முடித்தது, இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்.

ஏற்கனவே முழங்காலில் அடிபட்டிருந்தவர் என்பதால், பரிசோதனையில் டாக்டர்களுக்குத் திருப்தி இல்லை; பேச்சு நின்றது. சில நாட்களுக்குள், பயிற்சியின் போது அதே முழங்காலில் தசைநார் அறுந்தது. தொடை எலும்பையும், கீழ்க்கால் எலும்பையும் கயிறு போல் பிணைப்பது இதுதான். இது அறுந்தால், ஓடித் திரும்பவே முடியாது.

'அவ்வளவு தான்' என்று நினைத்தீர்களா? மேனேஜர் அலெக்ஸ் பெர்குசன் அவரைக் கைவிடவில்லை. நேரில் சென்று தைரியம் சொன்னார். ஓராண்டு பொறுமையாகச் சிகிச்சையும், பயிற்சியும் எடுத்தார் ரூட்.

கடந்த 2001, ஏப்ரலில் மீண்டும் பரிசோதனை, இம்முறை பாஸ்! விலை, 1 கோடியே 90 லட்சம் பவுண்டு, ஐந்தாண்டு ஒப்பந்தம். அந்த ஐந்தாண்டில், 219 ஆட்டங்களில் 150 கோல் அடித்து அசத்தினார்.

விளையாடும்போது அடிபட்டால் மறைக்காதீர்கள் குட்டீஸ். பி.டி., சாரிடம் சொல்லுங்கள். காயம் ஆறட்டும்... மைதானம் எங்கேயும் போய்விடாது!