கீர்த்தனையும் சாதியும்



நம் தேவாலயங்களில் நாம் தாளம் தட்டிப் பாடும் கீர்த்தனைகளில் பலவற்றை எழுதியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலி வேளாளர், சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர். அவருடைய பெத்லகேம் குறவஞ்சியில் தலைவிக்குக் குறி சொல்பவள் குறத்திதான். பாட்டுக்குள் குறத்திக்கு அத்தனை மரியாதை!

கோயிலுக்குள்? 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள், பறையரும் வேளாளரும் ஒன்றாக உட்கார வேண்டும், இராப்போஜனத்தில் ஒரே பாத்திரத்தில் பருக வேண்டும் என்றார்கள். கூடவே தமிழ்ப் பாட்டையும் மட்டுப்படுத்தினார்கள். சாஸ்திரியார் 1829இல் இரண்டையும் சேர்த்தே எதிர்த்து எழுதினார். அவருக்குச் சாதியும் சங்கீதமும் ஒரே மூட்டை, இரண்டுமே நாட்டு வழக்கம். பண்பாட்டின் பெயரால் இந்த மூட்டையை இன்றும் நம் தலையில் ஏற்றப் பார்க்கிறார்களே, அதனால்தான் இதைச் சொல்கிறேன். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென ஆணையிட்டபோது, தஞ்சையில் வேளாளர் பலர் சபையை விட்டே விலகினார்கள்.

மூட்டையைப் பிரித்தது அமெரிக்க மதுரை மிஷன். எல்லாச் சாதியாரோடும் அன்பின் விருந்தில் உட்கார மறுத்த உபதேசியார்களை 1847இல் வேலையை விட்டு நீக்கிய மிஷன் அது. அதே மிஷனின் எட்வர்ட் வெப் ஐயர்தான் சாஸ்திரியாரிடமிருந்து பாட்டுகளை வாங்கி, 1853இல் கீர்த்தனை நூலாக அச்சிட்டார். பாட்டு நூலில் ஏறியது; சாதி வாதம் ஏறவில்லை.