பாயிண்ட் டூ டூ: சின்னக் குண்டுக்கு ஏற்ற துப்பாக்கி

விருப்பாச்சி, வடகாடு பக்கம் மலையடிவாரத் தோட்டங்களில் பொழுது சாய்ந்ததும் முயல் வெளியே வரும். கடலைக்காட்டில் கொழுந்தைக் கடிக்கும், வரப்பில் காதை நிமிர்த்தி உட்காரும், லேசாகச் சத்தம் கேட்டாலும் வளைந்து வளைந்து ஓடி மறையும். விடிகாலையில் வேலியோரப் புதரில் இருந்து கவுதாரி கூப்பிடும். ஒட்டன்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் பழைய ஆட்களின் வேட்டைப் பேச்சில் யானையும் புலியும் அதிகம் வராது. முயலும் கவுதாரியும்தான் வரும். சிவராத்திரியை ஒட்டி நாயும் தடியுமாகப் பாரிவேட்டைக்குக் கிளம்பும் வழக்கம் திண்டுக்கல், மதுரைச் சீமையில் இன்னும் முழுதாக விட்டுப்போகவில்லை. வனத்துறை எச்சரித்துக்கொண்டே இருக்கிறது.

இந்த அளவு உயிர்களை மனதில் வைத்து உலகின் பல நாடுகளில் ஒரு துப்பாக்கி வளர்ந்திருக்கிறது. குழலின் உள்விட்டம் 0.22 அங்குலம், அதாவது 5.6 மில்லிமீட்டர். என்.சி.சி.யில் இருந்தவர்கள் அதை 'பாயிண்ட் டூ டூ' என்பார்கள். மைதானத்தில் குப்புறப் படுத்து, கட்டையைத் தோளில் அணைத்து, வாழ்க்கையில் முதல் குண்டைச் சுட்டது பெரும்பாலும் இந்தத் துப்பாக்கியில்தான் இருக்கும்.

நம் சட்டத்திலும் இதற்கு ஒரு காலத்தில் இடம் இருந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது 'சிறு வேட்டை விலங்குகள்' என்று தனி அட்டவணை போட்டார்கள். முயல், கவுதாரி எல்லாம் அதில் இருந்தன. அவற்றைச் சுட உரிமம் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி இருந்தது. 1991இல் வந்த திருத்தம் வேட்டை உரிமங்களை அடியோடு எடுத்துவிட்டது. இன்று ஒட்டன்சத்திரத்தில் முயலைச் சுட யாருக்கும் எந்த உரிமமும் கிடைக்காது. பழனி மலையின் பெரும்பகுதி 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக இருக்கிறது. இது சரியான சட்டம் என்பதே என் எண்ணம். ஒரு தலைமுறைக்கு முன் கூட்டமாகத் திரிந்த உயிர்கள் இன்று வரப்புக்கு ஒன்றாகக் குறைந்த ஊர்களில், ஆசைக்குச் சுடுவதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

ஆனால் அந்தத் துப்பாக்கியின் கதை வேட்டையோடு முடியவில்லை. முயலுக்காக அதில் செம்மைப்படுத்திய ஒவ்வொரு நுட்பமும் இன்று காகித இலக்கின் முன்னால் வேலை செய்கிறது.

முதலில் தோட்டாவைப் பார்க்கலாம். சுண்டுவிரலின் இரண்டு கணு நீளம்கூட இருக்காது. பித்தளைக் கூடு, அதன் வாயில் மெழுகு பூசிய ஈயக் குண்டு. குண்டின் எடை 2.6 கிராம். பெரிய தோட்டாக்களின் அடியில், நடுமத்தியில் வட்டமாக ஒரு தனிப் பொட்டு பதித்திருப்பார்கள். ஊசி அதில் அடித்தால் மருந்து பற்றும். பாயிண்ட் டூ டூவில் அந்தப் பொட்டு கிடையாது. கூட்டின் அடிவிளிம்பு வெளியே மடிந்து, உள்ளே கூடாக இருக்கும். பற்றவைக்கும் மருந்தை ஈரப்பசையாகத் துளி விட்டு, கூட்டை வேகமாகச் சுழற்றுவார்கள். பசை விளிம்புக்குள் ஓடிப் படிந்து காய்ந்துவிடும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது பொறி கிளம்பி வெடிமருந்து பற்றுகிறது. சில சமயம் விளிம்பின் ஓரிடத்தில் பசை சரியாகப் படியாமல் விட்டுப்போகும். ஊசி அங்கே விழுந்தால் வெடிக்காது. அனுபவப்பட்டவர்கள் குழலை இலக்கின் பக்கமே வைத்துச் சற்றுப் பொறுத்திருந்து, பிறகு அதே தோட்டாவைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு அடிப்பார்கள். பெரும்பாலும் வெடித்துவிடும்.

விளிம்பு நசுங்க வேண்டும் என்றால் பித்தளை மெல்லிசாக இருக்க வேண்டும். மெல்லிய பித்தளை அதிக அழுத்தம் தாங்காது. இந்தத் தோட்டா கடைசிவரை மென்மையாகவே இருந்துவிட்டதற்கு இதுதான் காரணம். 1845 வாக்கில் பிரான்சின் ஃப்ளோபெர் வீட்டுக்குள் சுட்டு விளையாட ஒரு குட்டித் தோட்டா செய்தார். 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதை வளர்த்தது. 1887இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் இன்றைய 'லாங் ரைபிள்' அளவைக் கொண்டுவந்தது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அளவு மாறவில்லை.

வலுவைக் கணக்குப் போட்டால் சுமார் 130 ஜூல் வரும். நம் ராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கிக் குண்டும் ஏறத்தாழ இதே விட்டம்தான். ஆனால் அதன் ஆற்றல் பத்து மடங்குக்கும் மேல். பாயிண்ட் டூ டூவை வைத்துக் காட்டுப்பன்றியைச் சுட்டால் பன்றி விழாது. காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து சாகும், அல்லது மறுநாள் தோட்டத்துக்கு வந்த ஆளை முட்டும். பன்றித் தொல்லைக்குத் தமிழ்நாடு அரசு 2025இல் வழி சொல்லியிருக்கிறது. காப்புக்காட்டில் இருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறைதான். விவசாயி கையில் எடுக்கும் வேலை அல்ல.

130 ஜூலை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? இரண்டு மூன்று கிலோ எடையுள்ள ஓர் உயிரைச் சரியான இடத்தில் பட்டால் நொடியில் வீழ்த்தலாம். அந்தச் 'சரியான இடம்' எலுமிச்சம்பழ அளவுகூட இருக்காது. ஆகவே இந்த ரகத்தில் துப்பாக்கி தேர்ந்தெடுக்கிறவர் வலுவைத் தேடிப் பயனில்லை. குறி தவறாமையைத்தான் தேட வேண்டும். நாட்டுத் துப்பாக்கி இதற்கு நேர் எதிர். அதில் கரிமருந்தை இடித்து ரவையைக் கொட்டிச் சுடுவார்கள். ரவை சிதறிப் போகும். பட்டது பாதி, படாதது பாதி. காயம்பட்டுத் தப்பிய முயல்களை யாரும் எண்ணுவதில்லை. வேட்டையை விரும்பியவர்களே அந்தத் துப்பாக்கியை வெறுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ரைபிளின் குழலுக்குள் மரை வெட்டியிருக்கும். பாயிண்ட் டூ டூவில் பொதுவாகப் பதினாறு அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு விநாடிக்கு 320 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது தன்னைத்தானே விநாடிக்கு ஏறக்குறைய 800 முறை சுற்றிக்கொண்டு போகிறது. அந்தச் சுழற்சிதான் அதைத் தலைகுப்புறாமல் காக்கிறது. வெடிமருந்து துளியூண்டு என்பதால் பதினாறு முதல் இருபது அங்குலக் குழலுக்குள்ளேயே முழுவதும் எரிந்துவிடும். அதற்கு மேல் குழலை நீட்டினால் வேகம் கூடாது. நீளக் குழல் துப்பாக்கி தூரம் போகும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

வேகத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 'ஹை வெலாசிட்டி' தோட்டாக்கள் அதைத் தாண்டிக் கிளம்பி, வழியிலேயே வேகம் குறைந்து ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும். இறங்கும் அந்தக் கட்டத்தில் குண்டு தள்ளாடும். போட்டியில் சுடுகிறவர்கள் ஆரம்பத்திலேயே ஒலிக்குக் கீழே இருக்கும் தோட்டாவைத் தேர்வது இதனால்தான்.

எனக்குப் பிடித்தது போல்ட் ஆக்‌ஷன். ஒரு குண்டு சுட்டதும் கைப்பிடியைத் தூக்கி இழுத்து, வெற்றுக்கூட்டைத் தள்ளி, அடுத்ததை ஏற்ற வேண்டும். தானாக ஏற்றிக்கொள்ளும் ரகங்களில் அமெரிக்காவின் ரூகர் 10/22 மிகவும் பேர்பெற்றது, 1964இல் வந்தது, நல்ல துப்பாக்கிதான். ஆனால் அடுத்த குண்டு தயாராக இருக்கிறது என்ற நினைப்பே முதல் குண்டில் கவனத்தைக் குறைத்துவிடும். போல்ட்டில் சுடுகிறவர் ஒன்றிலேயே முடிக்கப் பழகுவார். செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ, இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. ரைபிள்களைப் பழைய ஆட்கள் இன்றும் ஆசையோடு பேசுவதற்கு இந்த ஒழுக்கமும் ஒரு காரணம்.

விலையைவிட முக்கியம் உடம்புக்குப் பொருந்துவது. கட்டையின் பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்துக் கையை மடக்கினால், ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் இயல்பாகப் படிய வேண்டும். எட்டாமல் நீட்டினால் கட்டை நீளம், விரல் தாண்டிப் போனால் குட்டை. அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தைப் படியவைத்து, பிறகு கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். குறிமுனை நேராகத் தெரிந்தால் அது உங்கள் துப்பாக்கி. கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால், எவ்வளவு பேர்போன கம்பெனியாக இருந்தாலும் கீழே வைத்துவிடலாம். விசை கரகரக்காமல், கண்ணாடி உடைவதுபோல் சட்டென்று விட வேண்டும். நான் எடையைவிட விசைக்குத்தான் அதிக மதிப்பெண் தருவேன்.

இனி தூரம். 50 மீட்டரைக் கடக்க குண்டுக்கு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு விநாடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதைப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இறக்கிவிடும். 100 மீட்டரில் இறக்கம் அரை மீட்டருக்கும் அதிகம். குறிமுனையைச் சரிசெய்து குழலைக் கொஞ்சம் மேல்நோக்கி வைத்துத்தான் இதை ஈடுகட்டுகிறார்கள். குறிக்கு உதவாத தூரத்திலும் குண்டு கொல்லும் என்பதை மறக்கக் கூடாது. குழலைச் சாய்வாக உயர்த்திச் சுட்டால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் போகும். பாறையிலும் தண்ணீரிலும் பட்டால் தெறித்துத் திரும்பும். தக்காளியும் முருங்கையும் போட்டு, தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் நடமாடும் ஒட்டன்சத்திரம் மண்ணில், மண்மேடு கட்டிய சுடுதளத்துக்கு வெளியே இதைச் சுடுவது கொலைக்குச் சமம்.

உரிமம் இல்லாமல் இதை வைத்திருக்கவும் முடியாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் எல்லாவற்றையும்போல் இதையும் கட்டுப்படுத்துகிறது. ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று 2019 திருத்தம் குறைத்தது. 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத, 20 ஜூலுக்கு மிகாத ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அதை வைத்துக் காட்டுப் பறவையைச் சுட்டாலும் குற்றம் குற்றம்தான். சலீம் அலி சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னில் ஒரு சிட்டைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் இருந்ததைப் பார்த்து, என்ன பறவை என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். இந்தியப் பறவையியலின் பெரிய வாழ்க்கை அந்தக் கேள்வியில் தொடங்கியது.

குறி பார்க்கும் ஆசை உள்ள பிள்ளைகளுக்கு என் யோசனை: மதுரை, கோவை, திருச்சி ரைபிள் கிளப்புகளில் ஒன்றில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தொடங்கலாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக்கோப்பைத் தங்கங்கள் வென்றது அந்தப் பிரிவில்தான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியதும் அதில்தான். பிறகு பாயிண்ட் டூ டூவின் 50 மீட்டர். அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். முயலின் கண்ணைவிடச் சிறியது. 2024 பாரிஸில் கோலாப்பூர்க்காரர் ஸ்வப்னில் குசாலே மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றார். 50 மீட்டர் ரைபிளில் இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் பதக்கம் அது.

அந்த மட்டத்துக்குப் போனால் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடியாது. ஒவ்வொரு குழலுக்கும் ஒத்துப்போகும் தோட்டா வேறு. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை என்றாலும் தயாரிப்பு எண் மாறினால் குண்டுகள் கூடும் இடம் மாறும். எனவே ரைபிளைக் கவ்வியில் இறுக்கி, ஒவ்வொரு தயாரிப்பு எண்ணிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, ஓட்டைகள் மிக நெருங்கி விழும் எண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த எண் கிடைத்துவிட்டால் ஒரு பருவத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி அடுக்கிவிடுகிறார்கள். அது தீர்ந்ததும் தேடலை மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.