தந்தையுமான தாய்ப்பூச்சி

எலுமிச்சை, ஆரஞ்சு, சீகை மரங்களின் கொப்புகளில் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் செதில் பூச்சிகளில் ஒன்று ஐசெரியா பர்ச்சேசி. செம்பழுப்பு உடலுக்குப் பின்னால் வரிவரியாகப் பள்ளம் விழுந்த வெள்ளைப் பொதி துருத்திக்கொண்டிருக்கும். பஞ்சு போலத் தெரியும் அது மெழுகு. உள்ளே நூற்றுக்கணக்கான சிவந்த முட்டைகள். பூச்சி கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படிந்து இலைகள் கறுத்துப்போகும்.

பெண் என்று தோன்றும் ஒவ்வொரு பூச்சியும் உண்மையில் இருபாலி. மண்புழுவிலும் நத்தையிலும் இது சாதாரணம். பூச்சிகளிலோ ஐசெரியாவையும் அதன் நெருங்கிய உறவினங்கள் சிலவற்றையும் தவிர வேறெங்கும் உறுதியாக அறியப்படவில்லை. இனப்பெருக்கச் சுரப்பியின் நடுவில் விந்தணுவும் சுற்றிலும் முட்டையும் உருவாக, பூச்சி தன் முட்டையைத் தானே கருவுறச் செய்துகொள்கிறது. இருபாலிகள் தமக்குள் இணைசேர்வதில்லை. உடல் உயிரணுக்களில் நான்கு குரோமோசோம்கள். விந்தணு தரும் திசுவில் இரண்டே. கருவுறாமல் தப்பும் சில முட்டைகளிலிருந்து இரண்டு குரோமோசோம் கொண்ட, சிறகு முளைத்த ஆண்கள் வருகின்றன. இவை மிக அரிது. சாலி ஹியூஸ்-ஷ்ரேடர் 1920-களில் இதை ஆராய்ந்து விளக்கினார்.

அந்த ஆண் திசு எங்கிருந்து வந்தது? முட்டைக்குள் கூடுதலாக நுழைந்த விந்தணுக்களே பெருகித் திசுவாகின்றன என்பது ஒரு கருத்து. அப்படியானால் தகப்பனின் ஒரு கூறு மகளுக்குள் தொற்றுப்போலக் குடியிருந்து பேத்திகளுக்கும் தந்தையாகிறது. ஆண்கள் அருகிப்போனதற்கு இதுவே காரணமாகலாம் என்று 2011-இல் ஆன்டி கார்ட்னரும் லாரா ராஸும் கணித முறையில் வாதிட்டனர். விசித்திரமான வாதம்தான், ஆனால் எளிதில் தள்ளிவிட முடியாதது.

துணை தேவையில்லாததால் ஒரு நாற்றில் ஒட்டிய ஒற்றைப் பூச்சியே புது நாட்டில் குடியேறப் போதும். ஆஸ்திரேலியாவின் இந்தப் பூச்சி 1868 வாக்கில் கலிபோர்னியாவை அடைந்து, இருபதே ஆண்டுகளில் ஆரஞ்சுத் தோட்டங்களைச் சூறையாடியது. 1888-இல் ஆல்பர்ட் கோபெலே ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பிய வெடாலியா பொறிவண்டு, அடுத்த ஆண்டே அதை அடக்கியது. நீலகிரியின் சீகை மரங்களில் 1928-இல் இப்பூச்சி தென்பட்டபோதும் அதே வண்டையே வரவழைத்து விட்டார்கள்.

1940-களில் கலிபோர்னியத் தோட்டங்களில் டிடிடி அடித்ததும் வண்டுகள் மடிந்து செதில் பூச்சி மீண்டும் பெருகியது. ஆகவே புளியங்குடி வட்டார எலுமிச்சைத் தோட்டக்காரர்கள் கொப்பில் வெள்ளைப் பொதியைக் கண்டால், மருந்து அடிக்குமுன் அதனிடையே பொறிவண்டோ அதன் புழுவோ மேய்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.