அஞ்சற் பேழையும் பரவிய பண்டசாலையும்

ஒருவர் எழுதிய கடிதத்தை மற்றொருவர் கையிற் சேர்ப்பது சிறு தொழிலன்று. அதனை ஏற்றுக்கொண்டவன் இடையிலே தவறவிடுவானாயின், எழுதியவர் அதனை அறியார், பெறவேண்டியவரும் அறியார். இருவரும் அறியாமல் நிகழும் இழப்பே இழப்புக்களிற் கொடியது. மின்னஞ்சற் சர்வரைக் காப்போர் இதனை ஒருபோதும் மறத்தலாகாது.

1982-ஆம் ஆண்டில் ஜான் போஸ்டல் என்பார் எழுதி வெளியிட்ட அஞ்சல் விதிகளின்படி, கடிதம் முழுவதையும் பெற்றுக்கொண்ட சர்வர் 250 என்னும் எண்ணை விடையாகக் கூறும். அவ்வெண்ணின் பொருள் யாதெனின், ‘இக்கடிதத்திற்கு இனி யானே பொறுப்பு’ என்பதாம். அவ்விடை கிடைத்தவுடன் அனுப்பிய சர்வர் தன்னிடமுள்ள பிரதியை நீக்கிவிடும். ஆகவே, விடை கூறிய பின்னர்க் கடிதம் காணாமற்போனால், இடைவழியில் அதனை மீட்டுத் தருவார் எவருமிலர். ஈண்டு நாம் ஆராயப் புகும் பழுதுகள் யாவும் இவ்வொரு வாக்கைக் காப்பாற்றுதலைப் பற்றியனவே.

நிற்க. அஞ்சல் பெறுவோர் சிலரேயாயின், ஒரு சர்வரிலுள்ள டிஸ்க்கு ஒன்றே போதும். பல்லாயிரவராயின், அந்த ஒன்று பழுதுற்றபொழுது அனைவரும் ஒருசேர இடர்ப்படுவர். இதனை நீக்கும்பொருட்டே, பல கணிப்பொறிகள் ஒரே பண்டசாலையைப் பயன்படுத்தும் முறைகள் தோன்றின. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியார் 1984-இல் ஆக்கிய என்.எஃப்.எஸ். என்பது, ஓரிடத்துள்ள கோப்புக்களைப் பல சர்வர்கள் தத்தம்முடையன போலக் கையாள உதவுவது. பின்னர் வந்த க்ளஸ்டர் எஃப்.எஸ். என்பதோ, ஒரே கோப்பை இரண்டு மூன்று பொறிகளிற் பிரதி செய்து வைக்கவும் வல்லது.

இவற்றில் தொல்லை எவ்வாறு புகுகின்றது என்பதை ஓர் உவமையால் விளக்குவாம். ஒரு நூல்நிலையத்திற்கு நான்கு வாயில்களும், வாயிலுக்கு ஒரு கணக்கரும் உளர் என்று கொள்க. ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளே சென்று அலமாரியைப் பார்த்துவரின் காலம் வீணாகுமாதலின், அவர்கள் தாம் கடைசியாகக் கண்டதைக் குறித்துவைத்துக்கொண்டு அதிலிருந்தே விடை கூறுவர். முதல் வாயிலில் இப்பொழுது வந்த நூலை மூன்றாம் வாயிற் கணக்கர் சிறிது நேரம் அறியார். லினக்ஸில் என்.எஃப்.எஸ். முறையும் இவ்வாறே, ஒரு கோப்பின் விவரங்களை இயல்பாக 3 முதல் 60 விநாடி வரை நினைவில் வைத்துக்கொள்ளும். விரைவுக்காகச் செய்த இவ்வேற்பாடே பழுதுகள் பலவற்றிற்கு வித்தாகும்.

பழைய எம்பாக்ஸ் முறையில் ஒருவருடைய கடிதங்களெல்லாம் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படும். இருவர் ஒருங்கே எழுதாதிருக்கப் பூட்டு வேண்டும். வலையின் வழியே இடும் பூட்டோ எப்பொழுதும் நம்பத்தக்கதன்று. இது கண்டு, டி. ஜே. பெர்ன்ஸ்டைன் என்பார் தமது கியூமெயிலுக்காக மெயில்டிர் என்னும் முறையை வகுத்தார். அதிற் கடிதம் ஒன்றுக்குக் கோப்பு ஒன்று; அறைகள் மூன்று. வரும் கடிதம் முதலில் ‘டெம்ப்’ அறையில் முற்றும் எழுதப்பட்டு, டிஸ்க்கிற் பதிந்தபின் ‘நியூ’ அறைக்கு மாற்றப்படும். அஞ்சற்பேழையைத் திறந்து பார்த்தபின் ‘கர்’ அறைக்குச் செல்லும். ஒவ்வொன்றின் பெயரும் தனித்தன்மை உடையதாதலின் பூட்டே வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் பழுது எங்கிருந்து வருகின்றது? அட்டவணையிலிருந்து. 2002-இல் டிமோ சிரைனன் என்பார் முதன்முதல் வெளியிட்ட டவ்காட் என்னும் சர்வர், கடிதங்களை விரைந்து காட்டும்பொருட்டுத் தனி அட்டவணைக் கோப்புக்களை எழுதிக்கொள்ளும். ஒருவருடைய அட்டவணையை இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் திருத்தத் தொடங்கின், ஒன்றன் நினைவு மற்றொன்றன் எழுத்தோடு முரணி, அட்டவணை சிதையும்.

இனிக் குறிகளையும் அவற்றின் மூலங்களையும் முறையே காண்போம்.

கடிதம் வந்ததென்று பதிவேடு கூறியும் உரியவர் கண்ணுக்குப் புலப்படவில்லையாயின், முதலிற் பண்டசாலையிலேயே கோப்பைத் தேடுக. அங்கு இருப்பின் இழப்பில்லை, அட்டவணையே பொய்த்தது. ஒருவரை ஒரு நேரத்தில் ஒரே சர்வருக்கு அனுப்புமாறு வழிசெய்தலே இதற்கு நிலையான மருந்து. மெயில்டிர் முறையில், ‘படித்தாயிற்று’ என்பது போன்ற அடையாளங்கள் கோப்பின் பெயரிலேயே உள்ளமையால், சிதைந்த அட்டவணையைக் கடிதங்களிலிருந்து மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம். டிபாக்ஸ் முறையிலோ அவ்வடையாளங்கள் அட்டவணையிலேயே உள்ளன. அங்கே அதனை அழித்தல் பெருந்தவறாகும்.

டிஸ்க்கில் இடமிருந்தும் ‘இடமில்லை’ என்று சர்வர் மறுக்குமாயின், ஐநோடுகளை எண்ணுக. கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐநோடு வேண்டும். இலட்சக்கணக்கான சிறு கடிதங்கள் இடத்திற்கு முன்னே அவற்றைத் தீர்த்துவிடக்கூடும். இதற்கு மாறாக, கோப்புக்களை அழித்தும் இடம் பெருகவில்லையாயின், அவற்றை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கலாம்.

பேழையைத் திறக்க நெடுநேரமாயின், பெரும்பாலும் காரணம் டிஸ்க்கின் அளவன்று. சிறு கோப்புக்களின் தொகையே. ஒவ்வொன்றைப் பற்றியும் வலையின் வழியே ஒருமுறை வினவ வேண்டியிருத்தலின், ஆயிரம் சிறு தாமதங்கள் கூடிப் பெருந்தாமதமாகின்றன. சர்வர்களின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதிருப்பினும் விளங்காத பிழைகள் தோன்றும், என்.டி.பி. முறையால் அவற்றை ஒருப்படுத்துக.

இவை எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது பிரதிகளின் பிளவு. இரண்டு பிரதிகளுக்கு இடையே வலை அறுந்து, இரண்டும் தனித்தனியே எழுத்தை ஏற்றுக்கொண்டால், மீண்டும் கூடும்பொழுது எது மெய்யென்று பொறியால் தீர்மானிக்க இயலாது. மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும். மூவரில் இருவர் உடன்பட்டாலன்றி எழுதலாகாது என்று விதித்தால் பிளவு தடுக்கப்படும். ஏற்கனவே பிளந்துவிட்டதாயின், இரு பக்கங்களையும் வேறிடத்திற் பிரதி எடுத்தபின்னரே கைவைக்க வேண்டும். மெயில்டிர்க் கடிதக் கோப்பின் உள்ளடக்கம் எழுதிய பின் மாறுவதில்லையாதலால், இரு பக்கக் கடிதங்களையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுதல் பெரும்பாலும் இயலும். பிரதி பல உண்டென்று காப்புப் பிரதியைக் கைவிடுதலும் தகாது. ஓரிடத்துத் தவறி அழித்தது எல்லாவிடத்தும் உடனே அழியுமன்றோ?

இறுதியாக ஒன்று. பண்டசாலையின் நிலை ஐயத்துக்கு இடமாயிருக்கும் வேளையில், சர்வர் 250 என்று கூறுதல் கூடாது. இடமில்லையாயின் 452 என்றும், வேறு தடையாயின் 451 என்றும் கூறுக. ‘இப்பொழுது இயலாது, பின்னர் வருக’ என்பதே அவற்றின் கருத்து. அவ்விடையைப் பெற்ற சர்வர் கடிதத்தைத் தன்னிடமே வைத்திருந்து மீண்டும் மீண்டும் முயலும். 4 அல்லது 5 நாட்களேனும் முயலவேண்டும் என்பது விதி. கடிதம் தாமதமாகுமேயன்றிக் கெடாது. எழுத்து நினைவிலிருந்து டிஸ்க்கிற் பதியுமுன்னரே ஏற்றோம் என்று விடை கூறுமாறு சர்வரை அமைத்தல், விரைவை விரும்பி வாக்கைப் பணயம் வைப்பதாகும்.

தன்னால் இயலாதபொழுது இயலாதென்று கூறுவோன் எவர்க்கும் தீங்கு செய்தானல்லன். ஏற்றுக்கொண்டேன் என்று கூறி இழப்பவனே தீங்கு செய்தவனாவான். இவ்வுண்மை பொறிகளுக்கும் பொருந்துதல் வியப்பன்று. அவற்றை அமைப்போர் மனிதரேயாதலின் என்க.