படத்துக்குள் ஒளிந்த முகவரி

2018 மே மாதக் கடைசியில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தது: வீட்டு ரூட்டரை ஒருமுறை அணைத்துவிட்டுப் போடுங்கள். நெட் மெதுவானால் நாம் எல்லோரும் செய்கிற வேலைதான். அந்த முறை அதற்குள் ஒரு பொறி இருந்தது.

சில நாட்களுக்கு முன்புதான் சிஸ்கோவின் தாலோஸ் ஆய்வுக் குழு ‘விபிஎன்ஃபில்டர்’ என்ற தீநிரலைப் பற்றித் தகவல் வெளியிட்டிருந்தது. 54 நாடுகளில் ரூட்டர் போன்ற கருவிகள் குறைந்தது 5 லட்சத்தில் அது புகுந்திருந்தது. உக்ரைனில் அதன் பரவல் கவலைக்குரிய வேகத்தில் இருந்தது.

ரூட்டரும் ஒரு கணினிதான்; பெரும்பாலானவற்றில் ஓடுவது லினக்ஸ். அதில் இருவகை நினைவகம் உண்டு. கரண்ட் போனாலும் அழியாத ஃபிளாஷில், ரூட்டரை இயக்கும் மென்பொருளான ஃபார்ம்வேர் இருக்கிறது. ராமில் இருப்பது அணைத்ததும் போய்விடும். ரூட்டரைத் தாக்கும் தீநிரல்கள் பல ராமோடு நின்றுவிடும். விபிஎன்ஃபில்டரின் முதல் கட்டமோ ஃபிளாஷிலேயே தன்னை எழுதிக்கொண்டது. அதற்கு ஒரே வேலை: எஜமானரின் சர்வரைத் தேடிப்பிடித்து இரண்டாம் கட்டத்தை இறக்கிக்கொள்வது.

தேடிய விதம்தான் அசரவைக்கிறது. சர்வரின் முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தால், நிரல் சிக்கும்போது முகவரியும் சிக்கும். அதனால் அது படங்களைச் சேமித்துவைக்கும் ஃபோட்டோபக்கெட் தளத்துக்குப் போய் ஒரு படத்தை இறக்கியது. படம் எங்கே எடுக்கப்பட்டது என்பதைக் குறிக்கும் ஜி.பி.எஸ். எண்கள் பல படக்கோப்புகளுக்குள் இருக்கும் அல்லவா? அந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கணக்குப் போட்டால் சர்வரின் ஐ.பி. முகவரி கிடைத்தது! படம் இல்லையென்றால் மாற்று ஏற்பாடாக இன்னொரு இணையதளம். அதுவும் இல்லையென்றால், ஒரு குறிப்பிட்ட தரவுப் பொட்டலம் வரும்வரை காத்திருக்கும்.

இறங்கிவந்த இரண்டாம் கட்டம் கோப்புகளைத் திருடும், ஏவிய வேலையைச் செய்யும். சில வகைகளில் தற்கொலைக் கட்டளையும் இருந்தது: ஃபிளாஷின் முதல் 5,000 பைட்டுகளை அழித்து எழுதிவிட்டால், ரூட்டர் வெறும் பிளாஸ்டிக் பெட்டி.

எஃப்.பி.ஐ. நீதிமன்ற உத்தரவோடு அந்த மாற்றுத் தளத்தைக் கைப்பற்றியது. ஃபோட்டோபக்கெட்டில் இருந்த படங்களும் நீக்கப்பட்டிருந்தன. இப்போது ரூட்டரை அணைத்துப் போட்டால் ராமில் இருந்த இரண்டாம் கட்டம் அழியும்; ஃபிளாஷில் இருக்கும் முதல் கட்டம் விழித்துப் படத்தைத் தேடும், காணாமல் மாற்றுத் தளத்தின் கதவைத் தட்டும். திறப்பது எஃப்.பி.ஐ. எந்தெந்த ரூட்டர்கள் பாதிக்கப்பட்டவை என்பதை அவையே வந்து சொல்லிவிட்டன.

இத்தனை சாமர்த்தியமும் உள்ளே போன பிறகுதான். பாதிக்கப்பட்ட கருவிகளில் பெரும்பாலானவற்றில், முன்பே ஊரறிந்த ஓட்டைகளோ கம்பெனி வைத்த பாஸ்வேர்டோ அப்படியே இருந்தன. என்னை வருத்துவது இதுதான். ஓட்டையை அடைப்பது ஒன்று, அந்தத் திருத்தம் வீடுவரை வந்து சேர்வது வேறு. உதாரணத்துக்கு, பல பிராண்டு ரூட்டர்களுக்குள் இருந்த ரோம்பேஜர் என்ற மென்பொருளின் ஒரு பிழைக்கு 2005-லேயே திருத்தம் வந்துவிட்டது. 2014-ல் செக் பாயிண்ட் நிறுவனம் பார்த்தபோது, குறைந்தது 1.2 கோடி கருவிகளில் பழைய பிழை உயிரோடு இருந்தது.

நம் வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் ஒரு முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168-ல் தொடங்கும். பிரவுசரில் அதைப் போட்டு உள்ளே போய், அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்ட் வேறு, இது வேறு. பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். வெளியிலிருந்து ரூட்டரைக் கையாள விடும் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ வசதியையும், பாஸ்வேர்ட் அடிக்காமல் வைஃபையில் இணைய விடும் டபிள்யூ.பி.எஸ்., தேவையில்லாவிட்டால் வீட்டுக் கருவிகள் தாமே வெளியே வழி திறந்துகொள்ள விடும் யூ.பி.என்.பி. ஆகியவற்றையும் அணைத்துவிடுங்கள். ஃபார்ம்வேர் அப்டேட் தானாக வரும்படி வைக்க முடிந்தால் வையுங்கள். அந்த மாடலுக்கு கம்பெனி அப்டேட் தருவதையே நிறுத்திவிட்டது என்றால், ரூட்டர் நன்றாக ஓடினாலும் மாற்றுவதே சரி.

தீநிரல் புகுந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் அணைத்துப் போடுவது போதாது. பின்பக்கச் சிறு துளைக்குள் ஊசியால் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்து, முதலில் இருந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு புது ஃபார்ம்வேர், புது பாஸ்வேர்ட். ரீசெட் செய்தால் இணைப்புக்கான யூசர்நேமும் சேர்ந்தே அழியும் என்பதால், முன்கூட்டியே இணைப்பு தருபவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.